ஜன்னல் பக்கக் காது

பிப்ரவரி 6

அன்புள்ள நண்டு,

இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கிற செல்போன் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி விடுவாய். கடையில் நாலு பேர் பார்க்க அப்படிச் செய்ய மாட்டாய் என்று ஒரு கணக்கு.

என் நம்பரை நீ தடுத்து வைத்து நாலு மாதமாகிறது. போன் போகவில்லை, மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. உன் வீட்டுக்காரரிடம் கேட்டால், "அது உங்களுக்கே தெரியும்க்கா" என்கிறார். எனக்குத் தெரியாது. குழந்தை தங்கவில்லை என்று அவர் சொன்ன அன்றே ராத்திரி பஸ் பிடித்து வந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். துக்கம் என்று நினைத்தேன். துக்கத்துக்கு நம்பரைத் தடுக்கத் தெரியுமா? அத்தானும் கேட்கிறார், "உங்களுக்குள்ள என்னதான் ஆச்சு?" என்று. உன்னிடம் கேட்பதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்றுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போகட்டும். இப்போது நான் எழுதுவது சண்டை தீர்க்க இல்லை, ஒரு சாமான் வாங்க.

என் வேலை உனக்குத் தெரியும். சிறுநீரகம் கெட்டவர்களை வீட்டில் ஏற்றி, டயாலிசிஸ் சென்டரில் இறக்கி, ரத்தம் சுத்தம் செய்து துவண்டுபோய் வருகிறவர்களைத் திரும்ப வீடு சேர்க்கிற வேன். இப்போது ஆபீஸில் கண்ட்ரோல் ரூம் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டாவது ஆளுக்கு இன்னும் முடியல, நாலாவது ஆளை முதல்ல ஏத்திக்குங்க" என்று ஓடுகிற வண்டிக்குப் போன் போடுவாள். எடுக்காவிட்டால் குற்றம். கையில் எடுத்தால் அதைவிடப் பெரிய குற்றம். ஒரு தடவை மாட்டினால் எச்சரிக்கை, மறு தடவை சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் ஒரு தடவை மாட்டிவிட்டேன். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் வந்து நின்றவர் எங்கள் சூப்பர்வைசர் என்று நான் கண்டேனா?

ஆக, காதில் மாட்டுகிற ஹெட்செட் ஒன்று வேண்டும். தெருமுனைக் கடையில் ஒன்று வாங்கினேன். மறுநாளே கழன்று விழுந்து, பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பின்னால் ஆறு நோயாளிகள். அன்றைக்குப் போன உயிர் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. அத்தானுக்கு இடுப்பு இன்னும் நிமிரவில்லை, வீட்டில் என் ஒருத்தி வேலைதான். அதைவிட, இந்த ஸ்டியரிங்கை விட்டால் நான் யாரென்று எனக்கே தெரியாது.

நீ நாளெல்லாம் அந்தச் சாமான்களுக்கு நடுவில் நிற்கிறவள். பார்த்து அனுப்பு. கண்ணாடி போடுகிறேன், காதில் தோடு இருக்கிறது. முன் சீட்டில் உட்கார்ந்து உயிரை வாங்குகிற ஒரு தையல்காரரும் இருக்கிறார். நோயாளிதான். பின் சீட்டில் உட்காரச் சொன்னால் கேட்க மாட்டார். எங்கேயாவது ஹாரன் அடித்தால் போதும், டேஷ்போர்டில் டொக் டொக் என்று தட்டுவார். "எதுக்குத் தாளம் போடறீங்க?" என்றால், "மிஷின் மிதிச்ச பழக்கம்மா" என்கிறார். மிஷின் மிதிப்பது காலால் என்று எனக்குத் தெரியாதாம்.

உன் அக்கா
(நீ வைத்த பெயர்: மேஸ்திரி)


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

கடைக்கு வந்து கேட்கிற யாருக்கும் பதில் சொல்வது என் வேலை. அந்த முறையில் இதை எழுதுகிறேன்.

வண்டி ஓட்டுகிறவர்கள் முதலில் அழகைப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். இரண்டு காதையும் மூடுகிற வகை பாட்டுக் கேட்பதற்கு, அதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கக் கூடாது. உனக்குத் தேவை ஒற்றைக் காது வகை. மைக் ஒரு சின்னத் தண்டாக வாய்ப்பக்கம் நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் சத்தத்தைத்தான் கண்ட்ரோல் ரூம் கேட்கும். பட்டன் பெரிதாக இருக்க வேண்டும், கண் ரோட்டில் இருக்க விரல் தானாகத் தேடிப் பிடிக்கிற மாதிரி. கொக்கி காதின் பின்னால் போவது உன் கண்ணாடிக் காம்போடு மோதும். அதனால் தலைக்கு மேலே பட்டையாக வருகிற ஒன்றை அனுப்பியிருக்கிறேன். கழன்று விழாது.

எந்தக் காதில் போடுவது என்பது முக்கியம். ஜன்னல் பக்கக் காதைத் திறந்து விடு. ஹாரன், சைரன், யாராவது கத்துவது எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். ஹெட்செட் உள்பக்கக் காதில், அதாவது தையல்காரர் பக்கம் இருக்கட்டும்.

இன்னொன்று. கை சும்மா இருக்கிறது என்பதால் மனதும் சும்மா இருக்கிறது என்று நினைக்காதே. அவர்கள் கூப்பிட்டால் ஒரு வார்த்தையில் முடி. மீதியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசு.

நம்பரைத் திறந்துவிட்டேன், பார்சல் வந்து சேர்ந்ததா என்று தெரிவிப்பதற்காக மட்டும். மற்றதைப் பற்றி எழுத விருப்பமில்லை. உனக்கே தெரியும் என்று அவர் சொன்னது சரி.

பெடலுக்கு அடியில் விழுந்ததைத் தூக்கி எறிந்துவிட்டாயா? அதை மட்டும் எழுது.

தங்கை


பிப்ரவரி 19

அன்புள்ள நண்டு,

எறிந்துவிட்டேன். குப்பை வண்டி எடுத்துப் போகிறவரை நின்று பார்த்தேன், போதுமா?

பார்சல் வந்தது. உன் கையெழுத்தை அத்தான் இரண்டு தடவை படித்தார். "கோவத்துலயும் எவ்வளவு ஒழுங்கா எழுதறா பாரு" என்கிறார். நீ ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய் என்று நான் சொன்னேன்.

சாமான் நல்ல சாமான்தான். பட்டை அசையவில்லை. கண்ட்ரோல் ரூம் பெண் இருமுவதும் பக்கத்துப் பெண்ணிடம் என்னைத் திட்டுவதும் கூடக் கேட்கிறது. ஆனால் ஒரு குறை. இதைக் காதில் வைத்த நிமிடம் வெளியுலகம் அணைந்துபோகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நேற்று எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. ரோட்டில் எல்லாரும் என்னைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். எனக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று யோசிக்கிறேன். தையல்காரர் டேஷ்போர்டை உடைக்கிற மாதிரி தட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். கண்ணாடியில் விளக்கைப் பார்த்த பிறகுதான் ஓரம் கட்டினேன். அந்த ஆம்புலன்ஸில் யார் இருந்தார்களோ.

ஒரு காதை மூடினால் இரண்டு காதும் மூடிக்கொள்கிற மாதிரி என்ன வேலைப்பாடோ தெரியவில்லை. எனக்கு உள்பக்கக் காது வேண்டும். ஏற்றியவர்கள் "தல சுத்துது", "நிறுத்துங்க" என்று சொல்வது அந்தப் பக்கம்தான். அதனால் ஜன்னல் பக்கக் காதுக்கு ஒன்று அனுப்பு. காதுக்குள்ளேயே போகிற சின்ன வகை, சத்தத்தைக் கூட்டினால் நன்றாகக் கூடுகிற மாதிரி. அந்தப் பக்கம் காற்று அதிகம், கொஞ்சம் பலமாகவே வேண்டும்.

நம்பரைத் திறந்ததைப் பார்த்தேன். இருந்தாலும் எழுதவே செய்கிறேன். போனில் பேசினால் ஏதாவது ஏடாகூடமாகிவிடுகிறது.

உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? இதற்கு மட்டும் ரேடியோ மாதிரி பதில் எழுதாதே.

மேஸ்திரி


பிப்ரவரி 24

அக்கா,

ஜன்னல் பக்கக் காது திறந்திருக்கும்போது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காமல் போக வழியே இல்லை. அதே பொருளைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு தெரு தள்ளிப் போகிற பைக் கேட்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ ஜன்னலை ஏற்றி வைத்துக்கொண்டு ஓட்டுகிறாயோ என்னவோ. எப்படியும் நீ கேட்ட வகையை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்களிடம் இருப்பதிலேயே சத்தம் அதிகம் வருவது இதுதான். முழுதும் கூட்டாதே, காது போய்விடும்.

கடிதத்தை இங்கேயே நிறுத்தத்தான் நினைத்தேன். "சாப்பிடுகிறாயா" என்று கேட்டாயே, அதைப் படித்ததும் நிறுத்த முடியவில்லை.

அன்றைக்கு டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். வராண்டாவில் ஒரு இரும்பு பெஞ்ச். அதில் உட்கார்ந்து முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன். அவரைக்கூட இல்லை. "அக்கா, துடிப்பு நின்னுடுச்சாம். நாளைக்கு எடுத்துடணும்னு சொல்றாங்க. நீ வர்றியா?" என்றேன். முழுசாகத்தான் சொன்னேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "சரிடி. ரொம்ப சந்தோஷம். உடம்பைப் பாத்துக்கோ. வண்டி எடுக்கணும், வச்சிடறேன்." வைத்தும் விட்டாய்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு அம்மா இருந்தார். "யாரும்மா, வராங்களா?" என்று கேட்டார். வருகிறார்கள் என்று பொய் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். அந்த போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சுவரைப் பார்த்துப் படுக்காமல் வேறு எதைப் பார்ப்பது? நம்மை வளர்க்க ஆள் இல்லாத வீட்டில் எனக்குத் தலைவாரி விட்டவள் நீ. அந்தப் பதிலை வேறு யார் சொல்லியிருந்தாலும் மறந்திருப்பேன்.

இப்போது தெரிந்துகொண்டாயா? பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

நண்டு


மார்ச் 4

நண்டு,

உன் கடிதத்தை வேனில் உட்கார்ந்து படித்தேன். அதற்குப் பிறகு சாவியைத் திருப்ப ரொம்ப நேரமாயிற்று.

அன்று சிக்னல் சரியில்லை. விட்டு விட்டு வந்தது. நான் நெரிசலில் இருந்தேன். நீ சொன்னது பாதி வந்திருக்கும், பாதி வந்திருக்காது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நான் கல்நெஞ்சுக்காரி என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், அதற்கு மேல் என்னிடம் கேட்காதே. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை அன்றைக்கு ஆடாமல் இருந்ததற்கு எனக்கு நானே ஒரு மன்னிப்பும் கொடுக்கவில்லை.

நீ அனுப்பிய இரண்டாவது சாமானைத் திருப்பி அனுப்புகிறேன். அது பிறக்கும்போதே செத்த பொருள். விளக்கு எரிகிறது, போனோடு சேருகிறது, சத்தம் மட்டும் இல்லை. கடைசி வரைக்கும் கூட்டிப் பார்த்தேன். சும்மா ஒரு கூச்சம் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். உன் கடையில் இதைத்தான் உயர்ந்த சரக்கு என்கிறார்களா?

அதனால் பழையதையே போட்டுக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை சின்னதாக ஒரு உரசல். நீ பயப்படாதே. சென்டர் வாசலில் ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு அட்டெண்டர் வந்திருக்கிறார். கத்தினாராம். பம்பர் தட்டிச் சக்கரம் கோணிவிட்டது. வீல்சேரில் இருந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். கண்ணாடியில் வெயில் அடித்தது என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்துத் தையல்காரருக்குக் காய்ச்சல், வரவில்லை. அவர் இருந்திருந்தால் தட்டியிருப்பார். சனியனே என்று திட்டிக்கொண்டிருந்த தாளத்தை அன்றைக்குத் தேடினேன்.

மூன்றாவதாக ஒன்று அனுப்பு. சீக்கிரம் அனுப்பு. போன் பண்ணாதே, எழுது.

அக்கா


மார்ச் 8

அக்கா,

பார்சலைப் பிரித்ததும் அந்தச் செத்த பொருளைச் சோதித்தேன். என் காதில் வைத்துப் பாட்டைப் போட்டதும் பிடுங்கி எறிந்துவிட்டேன். நீ கடைசி வரை கூட்டி வைத்திருந்த சத்தம் அப்படியே இருந்தது. மேஜையில் கிடந்து கத்தியது எதிர் கவுண்டரில் நிற்கிறவருக்குக் கேட்டு, "யாரு பாட்டு போட்டது?" என்று திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன்.

உள்பக்கக் காதை மூடினால் வெளியுலகம் அணைகிறது. ஜன்னல் பக்கக் காதில் இவ்வளவு பெரிய சத்தம் விழவில்லை. தையல்காரர் வராத அன்று வண்டி இடிக்கிறது. அக்கா, உன் ஜன்னல் பக்கக் காது கேட்கவில்லை. சாமானில் குறையே இல்லை. உன்னிடம் இருக்கிற ஒரே நல்ல காதை நான் தேர்ந்தெடுத்து, அளவு பார்த்து, பட்டை போட்டு மூடி அனுப்பியிருக்கிறேன். அந்த ஆம்புலன்ஸும் அந்த வீல்சேரும் என் கைவரிசை.

இது உனக்குத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன். "பலமாகவே வேண்டும்" என்று எழுதினாய். "போன் பண்ணாதே" என்று எழுதினாய். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் "சரி, சரி" என்பாய், நான் அதை மேஸ்திரித்தனம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு எந்தக் காதில் வைத்திருந்தாய்?

இதைச் சொன்னால் எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் போய்விடும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சிக்னல் என்று எழுதினாய். செவிடி என்று தெரிவதைவிடக் கல்நெஞ்சுக்காரி என்று தெரிவது பரவாயில்லை என்று நினைத்துவிட்டாய். வண்டிக்காக. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

அதே சாமானைத் திருப்பி அனுப்புகிறேன். வண்டி நிற்கும்போது உள்பக்கக் காதில் ஒரு தடவை, ஜன்னல் பக்கக் காதில் ஒரு தடவை வைத்துப் பார். ஜாக்கிரதை, முதலில் சத்தத்தைக் குறைத்துக்கொள். பார்த்த பிறகு வண்டியை எடுக்காதே. காது டாக்டரிடம் போ. ஆபீஸில் நீயே சொல். நீ சொல்லவில்லையென்றால் நான் சொல்வேன். வேனின் பக்கவாட்டில் ஆபீஸ் நம்பர் எழுதியிருக்கிறது, உன்னோடு எடுத்த போட்டோவில் தெளிவாகத் தெரிகிறது.

நண்டு


மார்ச் 12

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை. அத்தானுக்குப் போன் செய்தேன். "அவ எப்பவும் போல வண்டி எடுத்துட்டுப் போயிருக்கா, ஏம்மா?" என்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

கடையில் யார் போன் அடித்தாலும் என் போனை எடுத்துப் பார்க்கிறேன். ஆம்புலன்ஸ் போனால் வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்க்கிறேன், உன் ஊர் எங்கே, இந்த ஊர் எங்கே. இன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் வண்டி ஓட்ட ஹெட்செட் கேட்டார். "உங்களுக்கு ரெண்டு காதும் கேட்குமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

ஒரு வரி எழுது.

நண்டு


மார்ச் 13

உன் கடிதம் வந்தது. அத்தானிடம் போட்டுக் கொடுக்கப் பார்த்தாய் என்றும் தெரிந்தது.

என் ஆபீஸுக்குப் போன் போட நீ யார்? பதினாறு வருஷமாக ஓட்டுகிறேன். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு ஸ்டியரிங் என்று கேட்டவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நீ சாவியை எடுத்துக் கொடுக்கப் போகிறாயா? உனக்கு ஒன்று போய்விட்டது என்பதற்காக என்னிடமிருந்தும் ஒன்று போக வேண்டுமா?

சாமான் வந்தது. நான் திறந்து பார்க்கப் போவதில்லை.


மார்ச் 16

அக்கா,

நான் ஆபீஸுக்குப் போன் செய்யவில்லை. நம்பரை அழுத்தி, மணி அடித்ததும் வைத்துவிட்டேன். இரண்டு தடவை. எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

நீ கடைசியில் எழுதிய வரியை மன்னிக்க முயற்சி செய்கிறேன். இன்னும் முடியவில்லை. ஆனால் அதற்காக நீ செத்துப்போவதையோ, யாரையாவது சாகடிப்பதையோ நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். எனக்குப் போனது என்னவென்று எனக்குத் தெரியும். உன் வேனில் வருகிற ஆறு பேருக்கும் வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள். அந்த பெஞ்சில் யாரும் உட்கார வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை திரும்பவும் அழுத்துவேன். அப்போது வைக்க மாட்டேன்.

நண்டு


மார்ச் 24

நண்டு,

திங்கட்கிழமை நீ அழுத்தினாயா, என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ அழுத்தியிருந்தால், "அவங்க சாவியைக் கொடுத்துட்டாங்களே" என்று சொல்லியிருப்பார்கள்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் ஷெட்டில் வண்டியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். இன்னும் யாரையும் ஏற்றவில்லை. உன் சாமானை எடுத்தேன். நீ சொன்னபடி சத்தத்தைக் குறைத்து உள்பக்கக் காதில் வைத்தேன். பாட்டு மெல்லிசாக, அழகாக வந்தது. அதை எடுத்து ஜன்னல் பக்கக் காதில் வைத்தேன். பாட்டு நின்றுவிட்டது. கூட்டினேன். கூட்டிக்கொண்டே போனேன். பக்கத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு வந்து, "என்னக்கா, காலைலயே கச்சேரியா?" என்று கேட்கிறார். அவருக்குக் கேட்கிறது. என் காதுக்குள் இருப்பது எனக்குக் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாகத் தெரியும். முதலில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து விட்டேன். பிறகு ஜன்னல் காற்று என்றேன். பிறகு எதுவும் சொல்லிக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்காவது சோறு இருக்கும்.

அந்தப் பதிமூன்றாம் தேதிக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. உனக்குப் போனதையும் எனக்குப் போய்விடுமோ என்று பயந்ததையும் ஒரே தராசில் வைத்தேன். அதை நீ மன்னிக்க வேண்டாம், கொஞ்ச நாள் வைத்திரு.

சூப்பர்வைசரிடம் சாவியைக் கொடுத்து, வீல்சேரை இடித்த காரணம் வெயில் இல்லை, என் காது என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துக்கொண்டே, "எந்தப் பக்கம்மா கேக்கும்?" என்று கேட்டு, நல்ல காது இருக்கிற பக்கமாக வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்றைய டிரிப்புக்கு வேறு டிரைவர். யாரை எப்படித் தூக்கி ஏற்றுவது என்று காட்ட நானும் கூடப் போனேன், பின் சீட்டில். தையல்காரர் வழக்கம்போல முன் சீட்டில் ஏறினார். போகிற வழியெல்லாம் ஹாரன். அவர் கை மடியிலேயே கிடந்தது. ஒரு தடவைகூடத் தட்டவில்லை. நான் குனிந்து, "இன்னிக்கு மிஷின் மிதிக்கலையா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமல், "இவருக்குக் கேக்குதும்மா" என்றார்.

இறங்கும்போது சொன்னார். "உங்களை நிறுத்திட்டா எங்களை இவ்வளவு மெதுவா யாரு ஏத்தி இறக்குவாங்கன்னு பயந்துட்டேன். அதான் சொல்லலை. தப்புதாம்மா." எல்லாருக்கும் தெரியும் போலிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது என்று நான்தான் நடித்துக்கொண்டிருந்தேன்.

காது டாக்டர் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். உள்பக்கக் காதுக்குச் சும்மா அழுத்திக்கொண்டே இருந்தேன். மறு காதுக்கு வந்ததும் ரொம்ப நேரம் அமைதி. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்தார்கள். நரம்பு போய்விட்டதாம், திரும்பாதாம். கேட்காத பக்கச் சத்தத்தை நல்ல காதுக்குக் கடத்துகிற ஒரு கருவி இருக்கிறதாம். அதை வைத்துக்கொண்டு நோயாளிகளை ஏற்றி ஓட்ட விடுவார்களா என்பதை ஆபீஸ் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எப்போது சொல்வார் என்று தெரியாது. ராத்திரி அத்தான் தூங்கிய பிறகு நல்ல காதைத் தலையணையில் அமுக்கிப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லாமல் போகிறது. பயமாக இருக்கிறது, நண்டு. அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது.

அதுவரைக்கும் என்னைக் கண்ட்ரோல் ரூமில் உட்கார வைத்திருக்கிறார்கள். நீ முதலில் அனுப்பிய பட்டை போட்டதைத்தான் போட்டுக்கொள்கிறேன். அறைக்குள் பின்னால் வண்டி வராது. டிரைவர் எடுத்ததும் முதலில், "ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்க" என்கிறேன். இருமல் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை, நான் வந்த பிறகு எல்லா வண்டியும் தாமதமாம்.

எந்தக் காதில் வைத்திருந்தாய் என்று நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அன்றைக்குச் சென்டர் வாசலில் ஒரு பெரியவரை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் எடை முழுதும் நல்ல காதுப் பக்கத்துக் கையில் இருந்தது. போனை மறு கையால் எடுத்து ஜன்னல் பக்கக் காதில் வைத்தேன். திரையில் உன் பெயரைப் பார்த்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு ஸ்கேன் என்று தெரியும், நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உன் குரல் எனக்கு ஒரு சொட்டுக்கூட விழவில்லை. மறுநாள் உன் வீட்டுக்காரர் சொன்னபோதே, முந்தின நாள் நீ எதற்குக் கூப்பிட்டாய் என்று உறைத்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்பதுதான் எனக்கு ஞாபகம் வரவில்லை. அதைக் கேட்கப் பயந்துதான் நாலு மாதம் ஒன்றும் தெரியாதவளாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிடு. எடுத்ததும், எந்தக் காதில் வைத்திருக்கிறாய் என்று முதலில் கேள். நான் சொன்ன பிறகு, அந்த இரும்பு பெஞ்சிலிருந்து சொன்னாயே, அதை முதலிலிருந்து சொல். நீ எழுதியதைப் படித்துவிட்டேன்தான். ஆனால் இன்னும் கேட்கவில்லை.

இந்த முறை நான் வைக்க மாட்டேன். நீ வைக்கிற வரைக்கும் இருப்பேன். வைத்ததும் பஸ் பிடித்து வருகிறேன்.

அக்கா